எந்தப் படிப்புக்கு வேலை நிச்சயம்?

ஆண்டுதோறும் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில், சோலூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு யாரேனும் ஒருவர் மதிப்பெண் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு வராமல் இருப்பதில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியப் பணி ஆற்றி ஓய்வு பெற்றவன் ஆகையால், எனக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பது அவர்களது நம்பிக்கை. தந்தையோ தாயோ நாற்காலியில் அமர்வர். பிள்ளை கதவோரம் நிற்கும். வருகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறினாலும் கேள்வி மட்டும் மாறுவதில்லை. "ஐயா, எந்தப் படிப்பில் சேர்த்தால் வேலை நிச்சயம்?"

கேள்வி நியாயமானதே. கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பம் இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்கும்? ஆயினும் இக்கேள்விக்கு உறுதியான விடை எவரிடமும் இல்லை என்பதே நான் கண்ட உண்மை. விடை உண்டு என்று அடித்துச் சொல்பவர் பெரும்பாலும் எதையோ விற்க வந்தவராக இருப்பார். நாம் முயன்றால் விடை காணக்கூடிய கேள்விகள் மூன்று உண்டு. இந்தப் பிள்ளை எதைச் சலிப்பின்றிக் கற்றுக்கொண்டே இருப்பாள்? அதற்குச் செல்லும் வழிகள் எத்தனை? அவற்றுள் நம் குடும்பத்தால் தாங்கக் கூடியவை எவை? இம்மூன்றையும் ஒதுக்கிவிட்டு, முதற் கேள்வியை மட்டும் பற்றிக்கொண்டு அலையும் பெற்றோருக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எங்கள் சோலூரின் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, சிறிதளவு தேயிலை ஆகியவையே இங்கு வாழ்வு. மழை மிகுந்தால் மண் சரியும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் செடி கருகும். இரண்டும் இல்லாத ஆண்டில் மேட்டுப்பாளையம் மண்டியில் விலை இறங்கிவிடும். விடியற்காலைக் குளிரில் குனிந்து கேரட் பிடுங்கும் தந்தை, தன் பிள்ளையாவது நாற்காலியில் அமர்ந்து சம்பளம் வாங்கட்டும் என்று விரும்புவதில் குற்றம் காண இயலாது. அவரது பிடிவாதத்துக்குள் இருப்பது அன்புதான். ஆனால் அன்பு காட்டும் வழி எப்பொழுதும் சரியான வழியாக அமைந்துவிடுவதில்லை. அதற்கு நம் மலையின் வரலாறே சான்று கூறும்.

உதகை இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையை நினைவில் வைத்திருப்போர் இன்றும் பலர் உண்டு. 1960-ஆம் ஆண்டு மத்திய அரசின் நிறுவனமாகத் தொடங்கப்பெற்று, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய அத்தொழிற்சாலை, புகைப்படச் சுருளும் எக்ஸ்ரே சுருளும் செய்து நாடெங்கும் அனுப்பியது. அந்நாளில் நீலகிரியில் ஓர் இளைஞனுக்கு அங்கு வேலை கிடைத்துவிட்டால், அவன் குடும்பம் கரையேறிவிட்டது என்று ஊர் பேசும். மைய அரசின் ஊதியம், குடியிருப்பு, ஓய்வுக்காலப் பயன்கள் என இத்தனை பாதுகாப்பும் ஓரிடத்தில் வாய்த்தது வேறெங்கே? பெண் கொடுக்க முன்வந்தவர்கள் மாப்பிள்ளையின் குணத்தை விசாரிக்கும் முன் தொழிற்சாலையின் பெயரைக் கேட்டு மகிழ்ந்த காலம் அது.

பின்னர் நடந்ததை எவர் முன்னறிந்தார்? 1975-இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் சுருளே தேவையில்லாத காமிரா ஒன்றை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தார். அது முழு வளர்ச்சி பெற்றபோது, அதே கோடாக் நிறுவனம் 2012 ஜனவரியில் நொடிப்பு மனு அளிக்கும் நிலைக்கு வந்தது. உலகின் பேராலமரமே சாய்ந்தபோது, உதகையின் தொழிற்சாலை எம்மாத்திரம்? 1990-களிலேயே நலிவுற்றுவிட்ட அந்நிறுவனத்தில் எஞ்சியிருந்த தொழிலாளருக்கு, 2014-இல் மத்திய அரசு விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தது. இதில் தொழிலாளர் செய்த பிழை ஒன்றுமில்லை. அவர்களை அங்கு அனுப்பிய பெற்றோரும் பிழை செய்யவில்லை. அன்று தெரிந்ததைக் கொண்டு அன்று முடிவு செய்தார்கள். நாளை என்ன வரும் என்பது அன்று எவருக்கும் தெரியாது, அவ்வளவே.

தேயிலையின் கதையும் இதுதான். பச்சைத் தேயிலைக்கு நல்ல விலை கிடைத்த காலத்தில், உருளைக்கிழங்கு விளைந்த நிலங்களைக்கூடத் தேயிலையாக மாற்றினர். 'தேயிலை இருக்கும்போது படிப்பு எதற்கு?' என்று பள்ளியை விட்ட பையன்களை நான் அறிவேன். 1990-களின் இறுதியில் விலை சரிந்தபோது, சிறு விவசாயிகள் கொழுந்து பறிக்கும் கூலிக்கே வழியின்றித் தவித்தார்கள். அதற்கு மாறாக, அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த வெடிமருந்துத் தொழிற்சாலை நூறாண்டுகளைக் கடந்து நிற்கிறது. அதுவும் 2021 அக்டோபரில் துறையமைப்பிலிருந்து ஒரு நிறுவனத்தின் கீழ் மாற்றப்பட்டது. ஆகவே, எது நிற்கும், எது விழும், எது நின்றும் மாறும் என்பதைப் பதினேழு வயதுப் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து யாரால் சொல்ல இயலும்? இன்று கணினிப் படிப்பைப் பற்றிப் பேசுவோர், அன்று சுருள் தொழிற்சாலையைப் பற்றிப் பேசிய அதே உறுதியோடு பேசுகிறார்கள். அவர்கள் சொல்வது பலிக்கலாம்; பலிக்காமலும் போகலாம். கற்கும் திறனும் உழைக்கும் விருப்பமும் உள்ள பிள்ளை, தொழில் மாறினாலும் தன்னை மாற்றிக்கொள்ளும். விருப்பமின்றித் தள்ளிவிடப்பட்ட பிள்ளை, தொழில் நிலைத்திருந்தாலும் அதில் நிலைப்பதில்லை.

நிற்க. ஊருக்கு யோசனை சொல்லி வந்த எனக்கு, கடந்த ஆண்டு என் வீட்டிலேயே அந்தக் கேள்வி எழுந்தது. என் மகன் சோலூரில் சொந்த நிலம் கொஞ்சமும் குத்தகை நிலம் கொஞ்சமுமாக வைத்துக் கேரட் பயிரிடுபவன். அவனுடைய மூத்த மகள் உயிரியல், கணிதம் இரண்டும் அடங்கிய பிரிவில் படித்து, ஓரளவு நல்ல மதிப்பெண்களோடு தேறினாள். கோயம்புத்தூரில் கணினிப் பொறியியல் என்று என் மகன் முடிவு செய்து வைத்திருந்தான். அவளோ, தோட்டக்கலை படிக்கப் போவதாகச் சொன்னாள்.

"தோட்டக்கலையா? தோட்டத்தில் நான் பட்டது போதாதா, அப்பா?" என்று மகன் என்னிடம் வந்து முறையிட்டான். "இந்த மண்ணிலிருந்து மீட்கத்தானே இவளைப் படிக்க வைத்தேன். படித்துவிட்டு மறுபடியும் இந்தச் சேற்றிலேயே வந்து நிற்பதற்கா?"

அவன் சொன்னதில் உள்ள வலி எனக்குத் தெரியும். அந்த ஆண்டு பெய்த மழையில் அவனது பயிரில் பாதி வீணாகியிருந்தது. பேத்தியைத் தனியே அழைத்து, "அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறதே, அம்மா. நீ ஏன் இதைக் கேட்கிறாய்?" என்று வினவினேன்.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "போன வருஷம் நம் கேரட் எல்லாம் ஏன் வெடித்தது என்று அப்பாவுக்கு யாருமே சொல்லவில்லை, தாத்தா. மருந்துக் கடைக்காரர் கொடுத்ததைத்தான் தெளித்தோம். அது மருந்தால் தீரும் நோயே இல்லை, தண்ணீர் ஒழுங்காகப் பாயாததால் வந்தது என்று பிறகுதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பணமாவது மிஞ்சியிருக்கும்."

பிள்ளைகள் சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் கூறவில்லை. பதினேழு வயதில் ஒரு திரைப்படத்தைப் பார்த்தும் தோழியின் சொல்லைக் கேட்டும் ஆசைகள் பிறக்கும். ஆறு மாதத்தில் மறையும். ஆகவே, பிள்ளை வாயால் சொல்வதை விட, எவரும் ஏவாமல் கையால் செய்து வந்ததைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். என் பேத்தியிடம் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து, எந்த நாளில் விதைத்தோம், எத்தனை நாள் மழை பெய்தது, மண்டியில் என்ன விலை கிடைத்தது என்று அதில் எழுதி வந்திருக்கிறாள். தேர்வுக்காக எழுதியதன்று, ஆசிரியர் கேட்டதும் அன்று. அந்த நோட்டை நான் மகனிடம் கொடுத்தேன். இரவு நெடுநேரம் அவன் அதைப் புரட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும், கோயம்புத்தூர்க் கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டிய நாளைப் பற்றிய பேச்சு அன்றோடு நின்றது.

அடுத்ததாகச் செய்ய வேண்டியது, அந்த வேலையை உண்மையில் செய்கிறவர்களைப் பிள்ளை நேரில் காண்பது. இது நம் வீடுகளில் மிக அரிதாக நடைபெறுகிறது. மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளை மருத்துவமனையின் ஓர் இரவைப் பார்த்ததில்லை. பொறியியல் படிக்கும் பிள்ளை ஒரு பட்டறைக்குள் நுழைந்ததில்லை. நீலகிரியில் இதற்கு வாய்ப்புகள் குறைவல்ல. முத்தோரையில் 1957 முதல் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இயங்கி வந்துள்ளது. நமக்கு அருகில் சாண்டிநல்லாவில் நீலகிரிச் செம்மறியாடுகளைப் பேணும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உதகையில் மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் 1954-இல் தோன்றியது. குன்னூரில் 1907-இல் நிறுவப்பெற்ற பாஸ்டர் ஆய்வு நிலையம் இருக்கிறது. இவற்றின் பெயர்ப்பலகைகளைப் பேருந்திலிருந்து பார்த்தபடியே நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது, எப்படிப்பட்ட படிப்பு படித்தவர்கள் அங்கு வேலை செய்கிறார்கள் என்று கேட்டறிய ஒரு நாளைச் செலவிட்டால் என்ன?

என் பேத்தியோடு என் மகனையும் சேர்த்தே அனுப்பினேன். படித்த அலுவலர் ஒருவர் அவர்களுக்குச் சொன்ன செய்தி அவன் மனத்தில் தைத்தது. உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு நீலகிரியில் 1961-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத அப்புழு மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடந்து, விளைச்சலைத் தின்றுவிடும். அதை எதிர்த்து நிற்கும் குப்ரி சுவர்ணா என்னும் ரகம் 1985-இல் வெளியிடப்பட்டது. இடையே ஓடிய ஆண்டுகள் இருபத்து நான்கு! அத்தனை ஆண்டுகள் யாரோ சிலர், நம் மலை மண்ணை எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்து, பயிரைக் கலப்பினம் செய்து, தோற்று, மீண்டும் செய்திருக்கிறார்கள். அவர்களும் மண்ணில்தான் நின்றார்கள். ஆனால் கையில் அறிவோடு நின்றார்கள். மண்ணில் நிற்பது இழிவு என்று யார் சொன்னது?

படிப்பு என்பது மலையை விட்டு இறங்கிப் போவதற்கான சீட்டு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. படகர் சமூகத்தின் முதல் பட்டதாரி என்று போற்றப்படும் ராவ் பகதூர் ஆரி கவுடர், படித்ததும் மலையை மறந்துவிடவில்லை. 1935-இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை நிறுவி, உருளைக்கிழங்கு விளைவித்த எளியவர்களுக்கு மண்டியில் நியாய விலை கிடைக்க வழி செய்தார். அச்சமூகத்தின் முதல் பெண் பட்டதாரியான அக்கம்மா தேவி, 1962-இல் நீலகிரித் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குச் சென்றார். ஒருவர் படித்து ஊருக்கே திரும்பினார். மற்றவர் படித்துத் தில்லி சென்றார். இருவராலும் மலைக்குப் பயன் விளைந்தது. போவதா, இருப்பதா என்பதை நாம் பிள்ளைக்கு முன்கூட்டியே விதித்துவிடக் கூடாது.

மூன்றாவது, பணம். இதைப் பற்றிப் பிள்ளைக்குத் தெரியாமல் மறைப்பது பெருமை என்று பல பெற்றோர் எண்ணுகிறார்கள். எங்கள் வீட்டில் என் மருமகள் அவ்வாறு செய்யவில்லை. ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு படிப்புக்கும் கல்விக் கட்டணம், விடுதி, உணவு, புத்தகம், ஆண்டுக்கு எத்தனை முறை ஊருக்கு வந்து போவது, கம்பளி உடுத்துப் பழகிய பிள்ளைக்குச் சமவெளியில் வேண்டிய உடைகள் என அனைத்தையும் எழுதி, மகளை அருகில் வைத்துக்கொண்டே கூட்டினாள். ஓராண்டுச் செலவையன்று, படிப்பு முடியும் வரை ஆகும் செலவைக் கூட்டினாள். அந்தக் கூட்டுத் தொகையைப் பார்த்த பின்புதான் பிள்ளையின் பேச்சில் விளையாட்டுத்தனம் நீங்கியது.

கல்விக் கடனைப் பற்றியும் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். 4 இலட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணையம் கேட்பதில்லை. ஆனால் பெற்றோர் உடன் கையொப்பமிட வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்காது என்றாலும், வட்டி வளர்ந்துகொண்டே இருக்கும். தமிழக அரசு 2010-ஆம் ஆண்டு முதல், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை அளித்து வந்துள்ளது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்ற மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் முதலிய படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டன. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022-இலும், ஆண்களுக்கான திட்டம் 2024-இலும் தொடங்கப்பட்டன. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. ஆகவே பள்ளித் தலைமையாசிரியரிடமோ, 14417 என்னும் கல்வி உதவி எண்ணிலோ கேட்டறிந்த பின்னரே நம்ப வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைத் தேர்வு முடிவு வரும் வரை காத்திராமல் முன்னதாகவே வாங்கி வைப்பது நலம். கடைசி நாளில் தாலுகா அலுவலகத்தில் நின்று கண்ணீர் விட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முடிவுகள் வெளிவந்த வாரத்திலேயே, சமவெளியிலிருந்து ஒரு கல்லூரியின் தரகர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். கையில் வண்ணப் புத்தகம், வாயில் தேன். முன்பணமாகப் பத்தாயிரமும், பேத்தியின் மூலச் சான்றிதழ்களும் கொடுத்தால் இடம் உறுதி என்றார். மூலச் சான்றிதழை எதற்காகக் கேட்கிறீர்கள் என்று வினவியதற்கு, "பத்திரமாக இருக்கும், ஐயா" என்றார். சான்றிதழைக் கொடுத்துவிட்ட பிள்ளை வேறெந்தக் கல்லூரிக்கும் போக இயலாது. பத்திரம் என்பதன் பொருள் அதுவே. சேர்க்கையின்போது மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டுமேயன்றித் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கல்வி நிறுவனங்களுக்கு அறிவித்துள்ளது. இச்செய்தியை நம் பங்குகளில் உள்ள ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். வீட்டு வாயிலுக்கு வந்து இடம் தருகிறேன் என்பவரிடம், 'யோசித்துச் சொல்கிறோம்' என்று கூறி அனுப்பிவிடுவதே பாதுகாப்பு.

நான்காவது, ஒரே வழியை நம்பி இராமல் இரண்டாம் வழியையும் மூன்றாம் வழியையும் முன்னரே தேர்ந்து வைத்தல். எங்கள் வீட்டில் நால்வரும் அமர்ந்து இதைச் செய்தோம். முதலாவது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைப் பட்டப்படிப்பு. அது கிடைக்காவிட்டால், தோட்டக்கலையில் இரண்டாண்டுப் பட்டயப்படிப்பு. அதுவும் இல்லையெனில், உதகை அரசு கலைக் கல்லூரியில் தாவரவியல். அக்கல்லூரி 1955-இல் தொடங்கப்பெற்றது. சல்லிவன் கட்டிய கல் பங்களாவில்தான் அது இயங்கி வந்துள்ளது. குன்னூரில் பெண்களுக்கெனப் பிராவிடன்ஸ் கல்லூரி உள்ளது. 2022 ஜனவரியில் உதகையில் அரசு மருத்துவக் கல்லூரியே திறக்கப்பட்டது. மேற்படிப்பு என்றாலே மலையிறங்க வேண்டும் என்றிருந்த காலம் மாறிவிட்டது. கைத்தொழிலில் நாட்டமுள்ள பிள்ளைக்கு ஐ.டி.ஐ. படிப்பும் மதிப்புக் குறைந்ததன்று.

ஒவ்வொரு வழியும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் ஒளிக்காமல் பேசினோம். தாவரவியல் பட்டம் பெற்றால் ஆசிரியராகலாம், ஆய்வுக்குச் செல்லலாம். ஆனால் தோட்டக்கலை அலுவலர் பதவிக்கு அது போதாது. பட்டயப்படிப்பு, உதவித் தோட்டக்கலை அலுவலர் பணிக்குத் தகுதி தரும். ஆனால் பட்டம் அன்று. இதையெல்லாம் அறிந்தே அவள் தன் வரிசையை எழுதினாள். "இந்த மூன்றில் எது கிடைத்தாலும் நான் மனக்குறை இல்லாமல் அனுப்புவேன்" என்று அவள் தந்தை, முடிவு வருமுன்னரே வாக்களித்தான். அந்த வாக்குத்தான் எங்கள் வீட்டின் அமைதியைக் காத்தது.

ஏனெனில், தரவரிசை வெளியானபோது பட்டப்படிப்புக்கு உரிய இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. சிறிது மதிப்பெண் வேறுபாட்டில் தவறிப்போயிற்று. அன்று மாலை அவள் உணவு கொள்ளவில்லை. இத்தகைய நாட்களில்தான் பெற்றோர் விழிப்போடு இருக்க வேண்டும். மாநில அளவில் முதலிடம் பெற்றோரின் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-ஆம் ஆண்டிலேயே கைவிட்டது. பிள்ளைகள் மனம் நொந்துபோகக் கூடாதென்பதே நோக்கம். அரசு விட்டுவிட்டதை நாம் வீடுகளில் தொடர்ந்து செய்யலாமா? அண்டை வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை அந்த வாரத்தில் நாவால் உச்சரிக்காமல் இருப்பதே பெரிய தொண்டு. பேசாமல், உண்ணாமல், தனிமையை நாடும் பிள்ளையைத் தனியே விடலாகாது. 14416 என்னும் எண்ணில் மனநல ஆலோசகரோடு கட்டணமின்றிப் பேசும் வசதி 2022 முதல் இருந்து வருகிறது. அதில் பேசுவது வெட்கத்துக்குரியதன்று. அன்று என் மருமகள் வேறொன்றும் சொல்லவில்லை. மகளின் பக்கத்தில் அமர்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். சிறிது நேரத்தில் அவளும் சேர்ந்து உரிக்கத் தொடங்கினாள்.

சில வாரங்களில் பட்டயப்படிப்பில் இடம் கிடைத்தது. "பட்டம் கிடைக்கவில்லையா? பட்டயந்தானா?" என்று ஊரில் சிலர் கேட்டார்கள். "அவள் எழுதி வைத்த வரிசையில் அது இரண்டாவது" என்று என் மகன் பதில் கூறினான். அந்த ஒரு சொல்லைக் கேட்டபோது எனக்கு உண்டான நிறைவு சிறிதன்று. கிடைக்காமல் போனதைப் பற்றிக்கொண்டு கிடைத்ததை ஏற்பது ஒன்று. தானே எண்ணிப் பார்த்து வைத்திருந்த வழியில் நடப்பது மற்றொன்று. பின்னதில் பிள்ளையின் தலை நிமிர்ந்திருக்கும்.

ஈண்டு, நம் சபையின் சட்டத் தொகுப்பில் பலரும் கவனியாத ஒரு விதியை நினைவூட்ட விரும்புகிறேன். 1983-ஆம் ஆண்டு வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 219-ஆம் விதி, வாழ்க்கை நிலையைத் தேர்ந்துகொள்வதில் எவ்விதக் கட்டாயத்துக்கும் ஆளாகாதிருக்கும் உரிமை விசுவாசிகள் அனைவருக்கும் உண்டு என்று வகுத்துள்ளது. குருத்துவமோ, துறவறமோ, இல்லறமோ, எதுவாயினும் ஒருவரை நெருக்கித் தள்ளுதல் ஆகாது. அவ்விதி வாழ்க்கை நிலையைப் பற்றியதேயன்றிக் கல்லூரிப் பாடத்தைப் பற்றியதன்று. அதை நான் அறிவேன். ஆனாலும் எண்ணிப் பாருங்கள். இறைவனின் பீடத்துக்கே ஒரு பிள்ளையைக் கட்டாயப்படுத்தி அனுப்பக் கூடாது என்று திருச்சபை கூறும்போது, கணினிக் கூடத்துக்குக் கட்டாயப்படுத்தி அனுப்ப நமக்கு என்ன உரிமை?

கட்டாயப்படுத்தாமல் இருப்பது என்றால் கைகழுவி விடுவது என்று பொருளன்று. 'உன் இஷ்டம்' என்று சொல்லிவிட்டு ஒதுங்கும் தந்தை பிள்ளைக்குச் சுதந்திரம் தரவில்லை, தனிமையைத் தருகிறார். விசாரிப்பது, அழைத்துச் செல்வது, கணக்குப் போடுவது, சான்றிதழ்களைச் சேர்ப்பது, தரகரைத் திருப்பி அனுப்புவது, தோல்வியன்று அருகில் அமர்வது ஆகிய அனைத்தும் பெற்றோரின் கடமை. தேர்ந்துகொள்வது மட்டும் பிள்ளையின் பங்கு. இவ்விரண்டையும் மாற்றிப் போட்டுவிடுவதால்தான் பல வீடுகளில் துன்பம் விளைகிறது.

என் பேத்தி இப்பொழுது விடுதியில் தங்கிப் படித்து வருகிறாள். அவள் தேர்ந்தது சரியா என்று என்னைக் கேட்டால், இன்று எனக்குத் தெரியாது. அரசுப் பணிக்கான தேர்வுகள் கடினமானவை, இடங்களும் சிலவே. அவள் அலுவலராகலாம்; நாற்றுப் பண்ணை வைக்கலாம்; மேலும் படிக்கலாம்; வேறொரு தொழிலுக்கே மாறவும் நேரலாம். ஆனால் சென்ற மாதம் அவள் சொன்னபடி என் மகன் கேரட் பாத்திகளுக்குச் சீராக நீர் பாய்ச்சும் முறையை மாற்றியிருக்கிறான். 'மகள் சொன்னாள்' என்று அண்டை நிலத்துக்காரரிடம் அவன் கூறியதை நான் என் காதால் கேட்டேன்.

அன்புக்குரிய பெற்றோரே, வருகிற கோடையிலும் மதிப்பெண் பட்டியலோடு பலர் என்னைத் தேடி வருவீர்கள், வாருங்கள். ஆனால் நாற்காலியில் பிள்ளையை அமரச் செய்யுங்கள். வேலை நிச்சயமா என்ற கேள்வியைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, அவள் என்ன செய்து வந்தாள், எதைப் பார்த்திருக்கிறாள், எவ்வளவு செலவாகும், அது இல்லையெனில் வேறென்ன என்று நால்வருமாகப் பேசுவோம். அந்தப் பேச்சை மே மாதம் வரை தள்ளிப் போடாமல், பத்தாம் வகுப்பு முடிந்தவுடனேயே உங்கள் வீட்டில் தொடங்கிவிட்டீர்களானால், என்னிடம் வர வேண்டிய தேவையே இராது. அதைவிட எனக்கு மகிழ்ச்சி வேறில்லை.